நாலாவது பாட்டுக்கு ஒன்றரை

...இல்லை, அது எப்படி அந்த இடத்தில் வந்து நிற்கும், மூன்று படி ஏறி, நின்று, எதையோ எடுக்க மறந்தவன் போல ஒரு மூச்சு தயங்கி, அப்புறம் ஏறிய வழியே இறங்காமல் பக்கவாட்டில் திரும்பும், தப்பாகக் கேட்டிருப்போம், காலையிலிருந்து மூன்று பாட்டு கேட்டுக் காது புளித்துக் கிடக்கிறது, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவர் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோட்டை விரலால் பின்னுக்கு இழுத்தார், நாலாவது பாட்டு, ஐம்பதாவது நொடி, இதுவரை கேள்விப்படாத ஒரு பெண் குரல், பின்னால் ஒரே ஒரு கிட்டார், இந்தியில் என்னவோ ஜன்னலோரம் வெயில் வந்து உட்கார்ந்ததைப் பற்றி இரண்டு வரி, ஏறியது, நின்றது, தயங்கியது, திரும்பியது. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பஞ்சு உரிந்த அதன் இரண்டு கிண்ணங்களிலிருந்தும் கொசு கத்துவது போலப் பாட்டு தொடர்ந்து கசிந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவன் தன்னுடைய சட்டையைப் போட்டிருக்கிறான், காலர் கிழிசல் உள்பட எல்லாம் தன்னுடையது, ஆனால் தோளைத் தட்டி எப்படிக் கேட்பது... அப்படி இருந்தது அவருக்கு. ஏனென்றால் அந்த மெட்டு அவருடையது. வாழ்க்கையில் அவர் போட்ட ஒரே மெட்டு.

பதினெட்டு வருடமாக, வாரா வாரம் வியாழக்கிழமை, புதிதாக வரும் இந்திப் படங்களின் பாட்டுகளைக் கேட்டு, ஐந்துக்கு இத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட்டுத் தமிழில் எழுதுவது அவர் வேலை, முதலில் அச்சுப் பத்திரிகையில், அது மூடியபிறகு இணையத்தில், நாலு மணிக்குப் பக்கம் ஏறிவிட வேண்டும், ஏறினால்தான் மாலை வீடு திரும்புகிறவர்கள் கைப்பேசியில் படித்துவிட்டு அவரைத் திட்டுவதற்கு வசதி. திட்டுகிறவர்களில் ஒருவர் எந்தப் பாட்டாக இருந்தாலும் 'இதற்கு நாலரை கொடுத்திருக்க வேண்டும்' என்பார், அவருக்கு நாலரை என்றே பெயர் வைத்திருந்தார் இவர். மூவாயிரத்துச் சொச்சம் பாட்டு ஆகியிருக்கும், எந்தப் பாட்டு எந்த வருடம், எதில் புல்லாங்குழல் தப்பாக ஏறிற்று, எந்தப் பாடகர் ஜலதோஷத்தோடு பாடினார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், இந்த வேலைக்கு வருமுன்பே அவர் அப்படித்தான், அதனால்தான் அவனும் அவருக்குக் 'காது' என்று பெயர் வைத்தான். அவன் என்றால் பெட்டி. இந்தப் படத்தின் இசையமைப்பாளன். ஆர்மோனியப் பெட்டியும் ஒரு பையுமாக வந்து இறங்கியதால் பெட்டி, ஐம்பது வயதில் இப்போதுதான் முதல்முதலாகத் தன் சொந்தப் பெயரில் ஒரு படம், இருபது வருடம் யார் யாருக்கோ வாத்தியம் சேர்த்துக் கொடுத்து, யார் யார் பெயரிலோ வெளியான பிறகு. திங்கட்கிழமை சுட்டியை அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தான்... 'கேட்டுட்டுப் போடு. எனக்காக ஏத்தாதே, எனக்காக இறக்காதே.' எவ்வளவு நேர்மை! எவ்வளவு பெருந்தன்மை! திருடினவன் வாசற்படியில் நின்று, வீட்டைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று புத்தி சொல்லிவிட்டுப் போன மாதிரி.

நன்றாக யோசி, என்று தன்னையே அதட்டினார். முதலில் எங்கே வந்தது அந்த மெட்டு? கல்யாணமான புதிது, மாடியில் இரண்டு அறை, ஒரு குளியலறை, அந்தக் குளியலறையை ஒட்டிய சின்ன அறையில் பெட்டி, நடுவில் ஒரு செங்கல் சுவர், சுவர் என்று சொல்வதே மரியாதைக்காக, இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து 'நூறு வயசு' என்பான். காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது வந்தது. கண்ணாடியில் பாதி நுரை, வாய்க்குள் ஏறி, நின்று, தயங்கி, திரும்பி... இது யார் பாட்டு என்று யோசித்துப் பார்த்தார், யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லையென்றால் என்னுடையதுதானே! கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே ஓடினார், ஒரு கன்னம் நுரையோடு, பெட்டியின் கதவைத் தட்டி, "டேய், கேளுடா, நான் போட்டது" என்று முனகிக் காட்டினார். பெட்டி பல் தேய்த்துக்கொண்டிருந்தான். கேட்டான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிற சிரிப்பு. "நீ போட்டதா?" என்றான். "இது பாதிதான்டா காது. போ, மீதியைக் கேட்டுட்டு வா." மீதியை யாரிடம் போய்க் கேட்பது? கடவுளிடமா? அவ்வளவுதான், சரக்கு அவ்வளவுதான், பாதிக்கு மேல் உனக்கு வராது என்று எவ்வளவு நாசூக்காகச் சொல்லிவிட்டான். திரும்பி வந்து மிச்சக் கன்னத்தை மழித்தார், வெட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு மெட்டுப் போட முயன்றதே இல்லை. அடுத்த சில வருடங்களில் அடுத்தவர்கள் போட்டதற்கு மார்க் போடத் தொடங்கினார், அதில் யாரும் பாதி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு வரி மட்டும் வாயிலேயே தங்கிவிட்டது, மழிக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும், இருபத்து மூன்று வருடமாக, வேறு யாருக்கும் தெரியாமல்... தெரியாமல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருவேளை தற்செயலாக இருக்கலாமே? இருக்கிற ஸ்வரம் ஏழு, அதையும் இழுத்துப் பிடித்துப் பன்னிரண்டாக்கினால் எத்தனை தடவை எத்தனை பேர் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ள மாட்டார்கள், இதை அவரே எழுதியிருக்கிறார், 'காப்பி காப்பி' என்று கூச்சல் போடுகிற வாசகர்களைக் கிண்டல் செய்து, ஒரே கிணற்றில் இரண்டு வாளி விழுந்தால் அது களவா என்று கேட்டு, நல்ல வரி, பலரும் பாராட்டிய வரி. கைப்பேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். எந்தப் பாட்டையும் ஒருமுறை ஹெட்போனில், ஒருமுறை இப்படிக் கைப்பேசியில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பது அவர் வழக்கம், ஜனங்கள் அப்படித்தானே கேட்கிறார்கள். மனைவி காலையில் அவசரத்தில் போட்டுவிட்டுப் போன தட்டு, டம்ளர், பால் காய்ந்த பாத்திரம். குழாயைத் திறந்தார். நாலாவது பாட்டு தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே மிதந்து வந்தது, வாத்தியமெல்லாம் கரைந்துபோய் அந்தப் பெண்ணின் குரல் மட்டும், ஏறியது, நின்றது... தயங்கிய இடத்தில் அவர் வாய் தானாகச் சேர்ந்துகொண்டது. ஒரு இழை பிசகவில்லை. தற்செயலாம், கிணறாம், வாளியாம். அந்தத் தயக்கத்தைத் தற்செயலாக யாராலும் போட முடியாது, அது தயக்கமே இல்லை, அது ஒரு ஆளின் மூச்சு. பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், எப்போதோ வெளுத்துவிட்ட பாத்திரத்தை.

பெட்டியை அழைத்தார். நாலாவது மணியில் எடுத்தான். பின்னால் நிறையக் குரல்கள், யாரோ நாற்காலி இழுக்கும் ஓசை.

"டேய் காது! கேட்டுட்டியா?"

"கேட்டேன்."

"சரி, சொல்லாதே, சொல்லாதே, எழுத்துல பாத்துக்கறேன்... நாலாவது கேட்டியா?"

அவனே கேட்கிறான்! ஆறு பாட்டு இருக்கிறது, கல்யாண வீட்டு மேளம் இருக்கிறது, காருக்குள் பிரிகிற காதல் இருக்கிறது, நாக்கு சுளுக்கிக்கொள்ளும் வேகத்தில் பேசுகிற மூன்றாவது இருக்கிறது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக வந்து நாலாவதில் நிற்கிறான், குற்றமுள்ள நெஞ்சு என்பது இதுதானே. "அதை எங்கேயிருந்து எடுத்தே?" என்றார். குரல் தன்னுடையது போல இல்லை, வரி வசூலிப்பவன் குரல் போல இருந்தது. அந்தப் பக்கம் சிரிப்பு, அதே சிரிப்பு, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சிரித்த சிரிப்பு.

"கண்டுபிடிச்சிட்டியா? காதுன்னா காதுதான்டா! நியாயமா நானே உன்கிட்ட சொல்லியிருக்கணும்... முடியல, சூழ்நிலை அப்படி. டேய், பேட்டிக்கு ஆள் வந்துட்டாங்க, மைக் மாட்டறாங்க, சாயங்காலம் கூப்பிடறேன். கோவமில்லையே?"

கோவமில்லையே! வைத்துவிட்டான். நியாயமாகச் சொல்லியிருக்க வேண்டுமாம், சூழ்நிலையாம். மறைக்கக்கூட இல்லை, அதுதான் சகிக்க முடியவில்லை, மறைத்திருந்தால் பயப்படுகிறான் என்றாவது அர்த்தம், இவன் சிரிக்கிறான், உன்னால் பாதிக்கு மேல் போக முடியவில்லை, நான் போய்விட்டேன் பார் என்று சிரிக்கிறான். மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். முதல் பாட்டுக்கு மூன்று, இரண்டாவதற்கு இரண்டரை, மூன்றாவதற்கு இரண்டு, மீதி இரண்டையும் கடமைக்குக் கேட்டு முடித்தார், ஐந்தாவது கைதட்டலும் ஏக்கமுமாகச் சுமார், மூன்று, ஆறாவது என்பது முதல் பாட்டையே அழவைத்தது, இரண்டு. நடுவில் ஒரு ஓட்டை. நாலாவதற்கு என்ன போடுவது? தன் மெட்டுக்குத் தானே நாலு போட்டால் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வது, இரண்டு போட்டால் பொறாமை, போடாமலே விட்டால்... விரல்கள் அவரைக் கேட்காமல் அடிக்கத் தொடங்கின. 'நான்காவது பாடலின் மெட்டு இந்த இசையமைப்பாளருடையது அல்ல. இது வேறொருவரின் வீட்டிலிருந்து, அவருக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது. இந்தக் காதுக்கு அது நிச்சயமாகத் தெரியும். எடுத்தவருக்கும் தெரியும்.' ஒன்றரை நட்சத்திரம். அந்த ஒன்றரையும் பாடிய பெண்ணுக்கு. படித்துப் பார்த்தார். இருபத்து மூன்று வருடத்தில் இவ்வளவு சுறுசுறுப்பாக அவர் எதையும் எழுதியதில்லை, நெஞ்சுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல... அனுப்பிவிட்டார். மணி மூன்று.

ஆசிரியை பத்து நிமிடத்தில் கூப்பிட்டாள். அவர் மகள் வயது இருக்கலாம், மகள் இருந்திருந்தால், எழுத்துப் பிழை தவிர வேறு எதையும் அவரிடம் கேட்டதில்லை, கேட்கத் தயங்குவாள்.

"சார், நாலாவது பாட்டு... அந்த வரி அப்படியே போகணுமா?"

"ஏன், பிழை இருக்கா?"

"பிழை இல்ல சார். ஆனா இது பெரிய வார்த்தை. அவருக்கு முதல் படம். யாரோட மெட்டு, எந்த வருஷம்னு ஒரு ஆதாரம் இருந்தா சேர்த்துப் போடலாமேன்னு..."

"ஆதாரம் நான்தான்மா." இப்படிச் சொல்வோம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. விசைப்பலகையில் அவள் நகம் படும் சத்தம் கேட்டது. "நீங்க இதுவரைக்கும் யாரையும் இப்படிச் சொன்னதில்ல சார், அதனாலதான் கேட்டேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், நாலு மணிக்கு ஏத்திடறேன்." யாரையும் சொன்னதில்லை, அதனால் எல்லோரும் நம்புவார்கள், இதுதானே பதினெட்டு வருடமாகச் சேர்த்தது, இதைத்தானே இப்போது எடுத்து வீசுகிறோம். முதல் படம் என்றாளே. இந்திப் படம் எடுக்கிற அந்த ஊருக்குப் போய்ப் பெட்டிக்கு இருபது வருடம் ஆயிற்று, ஒரு முறை பார்க்கப் போனபோது ஒலிப்பதிவுக் கூடத்தின் மாடிப்படியிலேயே தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், நரைத்திருந்தான், 'ஒரே ஒரு படம்டா காது, அப்புறம் கடையைக் கட்டிடலாம்' என்றான். நாலு மணிக்குப் பக்கம் ஏறும், நாலரைக்கு யாராவது அதை மட்டும் வெட்டி எடுத்துச் சுற்றுக்கு விடுவார்கள், ஆறு மணிக்குத் தயாரிப்பாளர் கூப்பிடுவார். ஏறட்டும். என் வீட்டில் நுழைந்தவன்தானே. ஆனால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், மறுபடி குடித்தார். தாகம் அடங்கவில்லை. கைப்பேசியில் அந்தப் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, முடிந்தால் திரும்ப ஆரம்பிக்கும்படி எப்போது வைத்தாரோ தெரியவில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை.

பூட்டில் சாவி திரும்பியது, மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் காலை ஆறு மணிக்கு வேலை, வருகிறவர்களின் கையில் நரம்பு தேடி ஊசி குத்தி, குழாய்களில் பெயர் ஒட்டி, மூன்றரைக்குக் கிளம்பினால் நாலுக்குச் சற்று முன்னே வந்துவிடுவாள். செருப்பைக் கழற்றினாள், பையை ஆணியில் மாட்டினாள், கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள், எல்லாம் தினமும் நடப்பதுதான், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மணியையே பார்த்துக்கொண்டிருந்தார், மூன்று ஐம்பத்தைந்து. பாட்டு பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகும் இடம், நடுவில் ஒரு நீண்ட கிட்டார், காலையிலிருந்து எத்தனையோ முறை கேட்டும் அந்த இடத்துக்குப் பிறகு என்ன வருகிறது என்று அவர் மனதில் பதியவே இல்லை, பல்லவியிலேயே நின்றுவிட்டிருந்தார். அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து முனகல் கேட்டது. கிட்டார் இன்னும் முடியவில்லை. பாடகி இன்னும் வாய் திறக்கவில்லை. அதற்குள் மனைவி துண்டில் கை துடைத்துக்கொண்டே சரணத்தை எடுத்துவிட்டாள், கீழே ஒரு ஸ்வரத்தில் ஆரம்பித்து, நிதானமாக, வளைந்து... நாலு நொடி கழித்துக் கைப்பேசியில் அந்தப் பெண் குரல் அதே சரணத்தை அதே கீழ் ஸ்வரத்தில் ஆரம்பித்தது. அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்படித் தெரியும் இது? இன்னிக்குத்தானே வெளியே வருது?"

மனைவி அவரைப் பார்த்தாள். "எது?"

"அடுத்து வர்ற வரி. மெட்டு. இன்னும் அது பாடவே இல்ல, அதுக்குள்ள..."

"என்னங்க, நிஜமாவே தெரியலையா?" என்றாள், கேலியாகத்தான் ஆரம்பித்தாள், அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "நான்தானே பாடிட்டிருப்பேன், அந்த மாடி வீட்டுல. குளிக்கறப்ப, பாத்திரம் கழுவுறப்ப. நீங்ககூட அதுல முதல் ரெண்டு வரியைப் பிடிச்சிக்கிட்டு ஷேவ் பண்றப்ப பாடுவீங்களே, இப்பவும் பாடறீங்க... சரி, நம்ம பாட்டு இவர் வாயிலயும் ஒட்டிக்கிச்சேன்னு நினைச்சுப்பேன்."

குளியலறை. அவள் குளித்துவிட்டு வருவாள், அப்புறம் அவர் உள்ளே போவார், கண்ணாடி ஆவியில் மூடியிருக்கும், துடைத்துக்கொண்டு நுரை போடுவார், வாயில் மெட்டு வரும். எங்கிருந்தோ வந்தது என்று நினைத்தாரே, எங்கிருந்தோ இல்லை, ஐந்து நிமிடம் முன்னால் அதே அறையிலிருந்து வந்தது, சுவரில் ஈரம் காயவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் முழுசாகக் கேட்டிருக்கிறான், பல்லவி, சரணம், முடிவு வரைக்கும். கதவுக்கு வெளியே, துண்டும் கையுமாக, எப்போது காலியாகும் என்று நின்றுகொண்டிருந்த இவருக்கு முதல் இரண்டு வரி. மீதியைக் கேட்டுட்டு வா என்றானே, அவன் கிண்டல் செய்யவில்லையா, நிஜமாகவே போய்க் கேள் என்றா சொன்னான்...

"நீ போட்டதா அது?"

"போடறதுன்னா என்னங்க, நான் என்ன வித்துவானா? வாயில வந்தது, பாடினேன்."

"பெட்டிக்குத் தெரியுமா, உன்னோடதுன்னு?"

"தெரியாம? போன மாசம் போன் பண்ணினாரே பெட்டி அண்ணா. 'தங்கச்சி, இருபது வருஷமா தலைக்குள்ள சுத்திட்டிருக்கு, எடுத்துக்கட்டுமா'ன்னு கேட்டார். எடுத்துக்கோங்கன்னேன். பேர் போடறேன்னார், அதெல்லாம் வேணாம்னுட்டேன். உங்ககிட்ட சொல்லிடறேன்னு ஒரே பிடிவாதம், நான்தான் கூடவே கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்."

"ஏன்?" என்றார். "ஏன் என்கிட்ட சொல்லக் கூடாது?"

அவள் துண்டைக் கொடியில் போட்டாள். கழுவி வெளுத்திருந்த பால் பாத்திரத்தை எடுத்துப் பார்த்தாள், அதன் அடியில் விரலை ஓட்டினாள். "நீங்க நட்சத்திரம் போடுவீங்கல்ல" என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு, இந்த வயதில் அவள் முகத்தில் அவர் எதிர்பார்க்காத ஒரு வெட்கம். "என்னோடதுன்னு தெரிஞ்சா ஒண்ணு கூட்டிப் போடுவீங்க. இல்லேன்னா, பெண்டாட்டிக்குப் போட்டான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு ஒண்ணு குறைச்சிடுவீங்க. தெரியாமலே கேட்டா என்ன போடுவீங்கன்னு பார்க்கணும்னு இருந்துச்சு. ஊர்ல இருக்கிற எல்லார் பாட்டுக்கும் போட்டாச்சு... அவ்வளவுதான். ஒரு ஆசை." அப்புறம், "என்ன போட்டீங்க?" என்றாள்.

மணி நாலு ஐந்து. ஒன்றரை, அதுவும் பாடிய பெண்ணுக்கு, வேறொருவரின் வீட்டிலிருந்து, அவருக்குத் தெரியாமல்... சரியாகத்தானே எழுதியிருக்கிறோம், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே, அவருக்குத் தெரியாமல்தான் எடுக்கப்பட்டது, என்று எங்கோ ஒரு மூளை நரம்பு இந்த நேரத்திலும் வக்கீல் வேலை பார்த்தது, அதை அவர் அருவருப்போடு கவனித்தார். "இன்னும் போடல" என்றார். "ஒரு நிமிஷம், ஆபீஸ்ல கூப்பிடச் சொன்னாங்க" என்று கைப்பேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார். எதிர் வீட்டு மாடியில் யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை எடுத்தாள்.

"ஏத்திட்டேன் சார், அஞ்சு நிமிஷமாச்சு. நல்லாப் போகுது, இப்பவே முப்பது பேர்..."

"எடுத்துடும்மா. முழுசா எடுத்துடு. இந்த நிமிஷமே."

"சார்?"

"நான் எழுதினது தப்பு. அந்த மெட்டு என்னோடது இல்ல."

"உங்களோடதா?" என்றாள் அவள், அப்போதுதான் அவளுக்கே அவர் என்ன சொல்லியிருந்தார் என்று புரிந்தது போல, அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை, அவள் நல்ல பெண், நகங்கள் படபடத்தன. "எடுத்துட்டேன் சார். யாராவது படம் பிடிச்சு வச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. அந்த நாலாவது பாட்டுக்கு இப்போ என்ன போடறது? மத்த அஞ்சையும் மட்டும் போட்டா கேப்பாங்க. எத்தனை நட்சத்திரம் சார்?"

எத்தனை? சொல்லத்தான் வாயைத் திறந்தார், பதினெட்டு வருடப் பழக்கம், கேட்ட உடனே எண் வந்து நாக்கில் நிற்கும், இப்போது நாக்கு வெறுமையாக இருந்தது. "அரை மணி நேரம் குடும்மா, கேட்டுட்டுச் சொல்றேன்." "இன்னும் கேக்கலையா சார்?" என்றாள் அவள், வேண்டுமென்று கேட்கவில்லை. பெட்டிக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றியது, அவன் எண்ணைத் திறந்தார், 'கோவமில்லை' என்று அடித்தார், அழித்தார், முப்பது பேரில் யாராவது இந்நேரம் அவனுக்கு அனுப்பியிருப்பார்களோ, மைக்கை மாட்டிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது மடியில் இருக்கும் கைப்பேசி மின்னி, குனிந்து பார்த்து... 'படிச்சிருந்தா என்னைக் கூப்பிடு' என்று அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தார்.

மனைவி சமையலறையில் இல்லை. மேஜைமேல் அவளுடைய கைப்பேசி, முகம் கவிழ்த்து வைத்திருந்தாள். எப்போதும் இப்படித்தான் வைப்பாளா, இன்றைக்குத்தான் இப்படியா, அவர் பக்கத்தை மறுநாள் பஸ்ஸில் போகும்போதுதான் படிப்பாள் என்று தெரியும், இந்த ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துப் பார்த்திருப்பாளா... திருப்பிப் பார்க்கக் கை போனது, இழுத்துக்கொண்டார். குளியலறையிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது, சாதாரணமாகத்தான் இருந்தது, "என்னங்க, அவசரமில்ல, பொறுமையாக் கேட்டே போடுங்க." தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் திறந்தாள்.

உட்கார்ந்தார், ஹெட்போனை மாட்டிக்கொண்டார், நாலாவது பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். கிட்டார், ஜன்னல், வெயில். காலையிலிருந்து இதை எத்தனை முறை கேட்டோம், என்னுடையது என்று கேட்டோம், திருடியது என்று கேட்டோம், இப்போது அவளுடையது என்று கேட்கிறோம், பாட்டு நன்றாக இருக்கிறதா? இதைத்தானே சொல்ல வேண்டும், இது ஒன்றைத்தானே அவள் கேட்டாள். நன்றாக இருக்கிறதா? பல்லவி ஏறி நின்ற இடத்தில் அது தயக்கமா அழகா என்று அவருக்குத் தெரியவில்லை, சரணம் கீழே இறங்கியபோது நெஞ்சு கனத்தது, ஆனால் அது பாட்டினாலா, வேறு எதனாலா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்தினார், அவளிடமிருந்தே ஒருமுறை கேட்டுவிடலாம், குளிக்கும்போது பாடுவாளே, கதவுக்கு வெளியே நின்றால் முழுசாகக் கேட்குமே என்று. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. காத்திருந்தார். வாளி நகரும் சத்தம், சோப்புப் பெட்டி கீழே விழும் சத்தம், மறுபடி தண்ணீர். பாட்டு வரவில்லை. இன்றைக்குக் களைப்பாக இருக்கும், என்று நினைத்தவர், நேற்று பாடினாளா என்று யோசித்தார், போன வாரம், போன வருடம்... இந்த வீட்டுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது, இந்தக் குளியலறையில் அவள் ஒருமுறையாவது பாடியதாக அவருக்கு நினைவில்லை. எப்போது நிறுத்தினாள்? எந்தப் பாட்டு எந்த வருடம் என்று கேட்டால் சொல்லிவிடுகிறவருக்கு அது தெரியவில்லை. தானாக நிறுத்தினாளா, அல்லது ஒரு வியாழக்கிழமை, அவர் ஏதோ ஒரு பாட்டைக் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் சும்மா இரேன் என்று... சொல்லியிருப்போமா? அப்படிச் சொல்லியிருக்கக்கூடியவர்தானே. உள்ளே தண்ணீர் நின்றது.